அன்னக்கொடி அடித்த வாரிசு மனு

மதுரையில் கோர்ட்டுக்கு எதிரே வரிசையாக மேஜை போட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தவர்களில் அன்னக்கொடி ஒருத்திதான் பெண். எழுபத்திரண்டில் அவள் அங்கே மிஷினைக் கொண்டுவந்து வைத்தபோது, இது எத்தனை நாளைக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குள் தங்கள் மேஜையில் தேங்கிய வேலையை அவளிடம்தான் கொண்டுவந்து தள்ளினார்கள். சும்மா சொல்லக் கூடாது, கை அப்படி. நாலு கார்பன் வைத்து அடித்தாலும் கடைசிப் பிரதிவரை எழுத்து கறுப்பாக விழும். பிளேடால் சுரண்டித் திருத்திய இடம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம் என்று அவளே சவால் விடுவாள். யாரும் காட்டியதில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவளுக்குக் கர்வம் உண்டு. அவள் மேஜைக்கு வந்த எந்தக் குடும்பத்துச் சண்டையும் அவள் வாய் வழியாக வெளியே போனது கிடையாது. அண்ணன் தம்பி வழக்கு, மாமியார் மருமகள் வழக்கு, ஊரே பேசிச் சிரித்த கல்யாண வழக்கு, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குள் போயின. புருஷன் தவசி செல்லூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் எத்தனையோ தடவை கிண்டிப் பார்த்திருக்கிறான். "குழம்பு ஊத்தவா?" என்பதுதான் பதில்.

வக்கீல் ஹாலாஸ்யம் பெரிய ஆள்தான். ஆனால் நின்றபடி டிக்டேஷன் சொல்லும்போது பாதியில் நெற்றியைத் தேய்ப்பார்.

"அந்தச் செக்‌ஷன் என்னம்மா, நாக்கு நுனியிலே நிக்கறது."

"எட்டு, சார். முதல் வகுப்பு வாரிசு." சொல்லும்போதே அவள் விரல் அதை அடித்து முடித்திருக்கும்.

அன்னக்கொடி சட்டம் படித்தவள் இல்லை. பதினோரு வருஷம் சட்டத்தை அடித்தவள்.

பிறந்தது அலங்காநல்லூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில். அப்பா கருத்தக்கண்ணனுக்குப் பாட்டன் வைத்துவிட்டுப் போன சொத்து ஒரு சாண் கிடையாது. மாட்டு வண்டியில் மதுரைக்கு நெல்லும் வைக்கோலும் ஏற்றிப் போய், ஐம்பத்து மூன்றில் ஒன்றே முக்கால் ஏக்கர் காட்டையும் அதில் ஒரு கிணற்றையும் தன் பேருக்கு வாங்கினார். அந்தக் கிரயப் பத்திரத்துக்காக ஆபீஸ் வாசலில் அரை நாள் காத்துக் கிடந்தாராம். ஒரு காகிதம் அடித்துக் கொடுப்பதற்கு அங்கே டைப் அடித்தவர் காட்டிய பவிசு அவருக்குப் பொறுக்கவில்லை. "எம் மகளுக்கு இந்த மிசினு பழக்குறேன் பாரு" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி செய்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு சிம்மக்கல் பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். தமிழ் டைப்பிங் ஹையர் பரீட்சையில் அவள் தேறினபோது ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்த மனுஷர் அவர்.

எண்பத்து மூன்று ஆனி மாசம் ஒரு நாள், மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு வேப்ப மரத்தடியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. தாய்மாமன் பேயாண்டி வந்து, மகன் நல்லகாமன் தலையில் உருமா கட்டினார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. செத்தவரின் பொறுப்பு மகன் தலைக்கு வந்துவிட்டது என்று ஊருக்குக் காட்டுவதற்காகக் கட்டுகிற தலைப்பாகை. மகளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாளாவட்டத்தில் ஊர் என்ன நினைத்துக்கொண்டது தெரியுமா? உருமா ஏறிய தலைக்கே காடு கரை எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டது. பத்திர ஆபீஸ் வேண்டாம், தாலுகா ஆபீஸ் வேண்டாம், ஒரு துண்டு போதும்!

துண்டு ஊருக்குப் போதும். செங்கல் காளவாசல்காரருக்குப் போதவில்லை. நல்லகாமன் அவரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அப்பாவின் காட்டு மண் செங்கலுக்குத் தோதான மண். ஆறடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பட்டா யார் பேரில் இருக்கு?"

பட்டா செத்துப்போனவர் பேரில் இருந்தது. இந்த இடத்தில்தான் முத்திருளன் வந்து சேர்ந்தார். முத்திருளன் மெட்ராஸில் ஒரு பெரிய பங்களாவில் ஒன்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்துவிட்டு வந்தவர். ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் மெட்ராஸில் அதற்கு என்ன செய்வார்கள் என்று சொல்லக்கூடியவர்.

"மாப்ள, புரோபேட் வாங்காம ஒரு புல்லப் புடுங்க முடியாது. எங்க மொதலாளி கண்ண மூடுனப்ப அவரு மக்க மூணு வருசம் ஐகோர்ட்டுப் படி ஏறி எறங்குனாக. காரு வச்சிருந்தவுகளுக்கே அந்தக் கதி. நாம எம்புட்டு?"

"அப்ப என்ன மாமா செய்ய?" என்றான் நல்லகாமன். அவன் கெட்டவன் இல்லை. கோர்ட் என்றாலே பயந்து ஒதுங்குகிறவன், அவ்வளவுதான்.

"ஒரே வழிதேன். தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா நீ ஒத்த ஆளு. ஒத்த ஆளுக்குப் புரோபேட் எதுக்கு?"

இப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் முத்திருளன் சொன்ன தோரணையில் நல்லகாமன் அதை அப்படியே நம்பிவிட்டான். கருமாதி முடிந்து பந்தி எழுந்ததும் அவன் தங்கைக்கு முன்னால் ஒரு முத்திரைத்தாளை நீட்டினான்.

"புரோபேட் கீபேட்னு மூணு வருசம் இழுக்குமாம் அன்னம். அலைய நமக்குத் தெம்பு இல்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு."

அன்னக்கொடி வாங்கிப் பார்த்தாள். 'எனது தகப்பனார் சொத்தில் எனக்கு எவ்வித பாத்தியதையும் கிடையாது' என்று இருந்தது. இந்த வரியை அவள் எத்தனை பெண்களுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறாள்! அடிக்கும்போதெல்லாம் அது அடுத்தவர் விஷயம். இப்போது அடியில் இருந்தது அவள் பேர்.

"அண்ணே, அந்த மொதலாளி உயில் எழுதி வச்சிருப்பாரு. உயிலு இருந்தாத்தேன் புரோபேட்டு. இந்த உயிலு நெசந்தான்னு கோர்ட்டு சொல்றதுக்குப் பேருதேன் அது. அதுவும் மெட்ராஸ் பட்டணத்து விவகாரத்துக்குத்தேன் கட்டாயம். மதுரைப் பக்கம் உயிலு இருந்தாக்கூட நம்மளப் போல ஆளுகளுக்குக் கட்டாயம் இல்ல. நம்ம அப்பா என்னைக்கு உயிலு எழுதுனாரு? அவரு ஆயுசுல கையெழுத்துப் போட்டதே மூணு தடவ."

"அப்ப ஒண்ணுமே வேணாங்கிறியா?"

"தாசில்தாருட்ட மனுக் குடுத்தா வாரிசு சர்ட்டிபிகேட்டு குடுப்பாரு. அதக் காட்டிப் பட்டாவ மாத்திக்கிறலாம். கோர்ட்டுக்கே போக வேணாம். அப்பா தானாச் சம்பாரிச்ச சொத்து. ஆத்தாவுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மூணு பங்கு."

பங்கு என்ற சொல் அந்த வாசலில் விழுந்ததும் பந்தி இலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நின்றுவிட்டார்கள். மகள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்த ஊர் கேட்டதில்லை.

"பங்கு கேக்கவா வந்திருக்க?" என்றான் நல்லகாமன்.

"நான் கேக்கலண்ணே. இருக்கதச் சொன்னேன். அது சரி, எதுக்கு இம்புட்டு அவசரம்?"

"காளவாசல்காரரு ஆடிக்குள்ள மண்ணெடுக்கணும்ங்கிறாருல்ல" என்று முத்திருளன் உளறிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அம்மா ரெங்கம்மாள் ஊருக்குள் இருந்த வீட்டில் தங்குவதில்லை. காட்டிலேயே, கிணற்றடியில் மோட்டார் ரூமை ஒட்டிய சாய்ப்பில், இரண்டு எருமைகளோடு இருந்தாள். கத்தரியும் அகத்தியும் போட்டு, பால் ஊற்றி, தன் கையால் தின்று பழகியவள். ஆறடி தோண்டினால் அம்மாவின் காலுக்குக் கீழே பள்ளம்தான் மிஞ்சும்.

"ஆத்தா எங்கண்ணே இருக்கும்?"

"எங்கூட இருக்கட்டும். நான் கஞ்சி ஊத்த மாட்டனா?"

அன்னக்கொடி அம்மாவைப் பார்த்தாள். புருஷன் போய்ப் பதினாறு நாள் ஆன ரெங்கம்மாள், சுவரோரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அண்ணன் வேறு எதற்காகவாவது வந்து, "அன்னம், எனக்குக் கஷ்டமா இருக்கு, விட்டுக் குடுத்துரு" என்று கேட்டிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் இந்தக் கையெழுத்தைப் போட்டால் அம்மாவின் மண் லாரி ஏறிப் போய்விடும். தாளை நான்காக மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"முடியாதுண்ணே."

நல்லகாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் முன்னால் உருமா கட்டிய தலை அது. "அப்ப இந்த வாசல இனி மிதிக்காத. ஒனக்கு அண்ணனும் இல்ல, பொங்கச் சீரும் இல்ல."

பொங்கல் சீர் என்பது என்ன பெரிசு? கொஞ்சம் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை அண்ணன் தலையில் சுமந்து கொண்டுவந்து வாசலில் இறக்க வேண்டும். இவளுக்கு ஆள் இருக்கிறது என்று தெரு பார்க்க வேண்டும். சீர் நின்றுபோன பெண்ணை அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்னக்கொடி மதுரை வரும்வரை பஸ்ஸில் முந்தானையை வாயில் பொத்தி அழுதாள்.

தவசி முழுக்கக் கேட்டான். "அந்தக் காடு எனக்கு வேணாம்ப்ள. ஒரு பிடி மண்ணு வேணாம். ஆனா ஒங்கையெழுத்து ஒன்னோடது. அத எவனும் மெரட்டி வாங்கக் கூடாது" என்றான். அவ்வளவுதான் சொன்னான், சைக்கிள் கடைக்குப் போய்விட்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இதற்குள் நல்லகாமன் சும்மா இருக்கவில்லை. தங்கை கையெழுத்துப் போடாவிட்டால் என்ன, கோர்ட் வேண்டாம் என்று அவளே வழி சொல்லிவிட்டாளே! தாலுகா ஆபீஸில் தானாகவே ஒரு மனுக் கொடுத்தான். வாரிசு: மகன் நல்லகாமன். ஒரே பேர். மனு எழுதிக் கொடுத்தவருக்கும் அது வழக்கமாகத்தான் பட்டது, ஆமாம், பொம்பளைப் பேரை யார் எழுதுகிறார்கள்?

சேதி அவள் காதுக்கு வந்த அன்று வக்கீல் ஹாலாஸ்யம் பதறிப்போனார். "நான் டிராப்ட் பண்ணித் தரேம்மா."

"வேணாம் சார். இத நானே அடிச்சுக்கிறேன்."

வெள்ளைத் தாளைச் சுருட்டி ஏற்றினாள். காலஞ்சென்ற கருத்தக்கண்ணன் உயில் ஏதும் எழுதி வைக்காமல் இறந்துவிட்டார் என்று தொடங்கினாள். வாரிசுகள். ஒன்று, மனைவி ரெங்கம்மாள். இரண்டு என்று அடித்ததும் விரல் நின்றது. அவன் என் பேரை விட்டான், நான் அவன் பேரை விட்டால் என்ன? ஆத்திரம் பொங்கி வந்தது. வந்தது, போய்விட்டது. விட்டால் அது பொய் மனு. அப்படி ஒன்று அவள் மிஷினில் அவள் பேரில் இறங்கக் கூடாது. இரண்டு, மகன் நல்லகாமன் என்று அடித்தாள். அதற்குக் கீழேதான் மூன்று, மகள் அன்னக்கொடி. மூத்தவன் மூத்தவன்தானே.

மனுவைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரே ஆளுக்கு இரண்டு மனு வந்தால் தாலுகா ஆபீஸ் விடுமா? ஆவணி மாசம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஊருக்கே விசாரணைக்கு வந்தார். ஊர்ச் சாவடியில் நாற்காலி போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அன்னக்கொடி தூணோரம் நின்றாள். பிறந்து வளர்ந்த ஊரில் ஒருத்தர்கூட அவளை வா என்று கேட்கவில்லை.

"இறந்தவருக்கு வாரிசு யார் யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உருமா கட்டுனது நாந்தேன் சாமி. மகன் ஒருத்தன்தேன்" என்றார் பேயாண்டி. ஆமா ஆமா என்று நாலு குரல் எழுந்தது.

"இந்தம்மா யாரு அப்ப?"

ஆமா போட்டவர்கள் சாவடிக் கூரையைப் பார்த்தார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு அவள் முதியோர் பென்ஷன் மனுவும் கரண்டு மனுவும் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"சரி, சம்சாரம் இருக்காங்களா? கூப்பிடுங்க."

ரெங்கம்மாள் பின்னாலிருந்து வந்தாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கைவரை மண்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

சாவடியே அவள் வாயைப் பார்த்தது. நல்லகாமன் கீழே பார்த்தான்.

"நாலு பெத்தேன் சாமி. ரெண்ட மண்ணு தின்னுருச்சு. ரெண்டு இந்தா நிக்குது." குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. "இவன் ஒருத்தன்தேன்னு எழுதுனா, இவள நான் சந்தையிலயா வாங்கியாந்தேன்? எம் வீட்டுக்காரரு, இவ டைப்படிச்சுப் பாஸானப்ப ஊரு பூராம் போயி எம் மக, எம் மகன்னு சொல்லிட்டு வந்தாரே, அப்ப கேட்டீகள்ல? இன்னைக்கு எங்க போச்சு நாக்கு? எழுதுங்க சாமி. எம் பேரையுஞ் சேத்து எழுதுங்க. நான் உசுரோட இருக்கவரைக்கும் அந்தக் காட்டுல எவனும் மம்பட்டி வச்சு மண்ணள்ளக் கூடாது."

அடேயப்பா! புருஷன் செத்த நாளிலிருந்து பத்து வார்த்தை பேசாத பொம்பளை. அன்னக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் என் ஆத்தா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு மனுவையும் நல்லகாமனிடம் நீட்டினார். "உங்க மனுவிலே தங்கச்சி பேர் இல்லை. அவங்க மனுவிலே உங்க பேர் அவங்களுக்கு மேலே இருக்கு. எது சரின்னு நீங்களே சொல்லுங்க."

அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். நெடுநேரம் படித்தான்.

"மூணு பேருங்க" என்றான். எழுந்து யாரையும் பார்க்காமல் போய்விட்டான்.

சர்ட்டிபிகேட் வந்தது, பட்டா மூன்று பேர் பேருக்கும் மாறியது, காளவாசல்காரர் வேறு ஊருக்குப் போனார். ரெங்கம்மாள் எருமைகளோடு அங்கேயே இருந்தாள். உழுவது அண்ணன்தான். விளைச்சலில் அன்னக்கொடி ஒரு கீரைத்தண்டுகூடக் கேட்டதில்லை. ஆனால் சொன்ன சொல்லை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. எண்பத்து நாலு பொங்கலுக்குச் சீர் வரவில்லை. எண்பத்தைந்துக்கும் வரவில்லை. பானை பொங்கி இறக்கிய பிறகும் அவள் மத்தியானம்வரை செல்லூர்த் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெயித்தவள்தான், ஆனாலும் அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கூத்து என்னவென்றால், புரோபேட் தேவையில்லை என்ற சேதியைச் சுற்றுப்பட்டி பூராவும் பரப்பியவர் முத்திருளன்தான். ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல! அவர் சொல்லிச் சொல்லி, அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகக் கோர்ட் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். டைப்புக்கார அன்னக்கொடி எது மேஜை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். "உயில் இருக்கா? அப்பா சம்பாரிச்சதா, பாட்டன் சொத்தா? பேங்கில ஏதும் கெடக்கா?" என்று கேட்பாள். பாட்டன் சொத்து, பேங்கு என்றால் வக்கீலிடம் அனுப்புவாள், மற்றதற்குத் தானே தாளை ஏற்றுவாள். அவர்கள் போகும்போது நிமிர்ந்து போவதைப் பார்க்க அவளுக்கு அத்தனை பெருமை.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஒரு நாள் காலை, மேஜைக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கடைசி ஆளைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. நல்லகாமன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் முறைக்காக நின்றான். முந்தி வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

"யாரும்மா அது, ரொம்ப நேரமா நிக்கிறாரே?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

"எங்கண்ணன்" என்றாள். வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னாள்.

அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. "எங்க மாமனாரு போன மாசம் தவறிட்டாரு."

"கேள்விப்பட்டேன்."

"மச்சினங்க ரெண்டு பேரும் அவுக பேர மட்டும் எழுதி மனுக் குடுத்துட்டாங்க. ஒம் மதினி பேச்சி ரெண்டு நாளாச் சாப்பிடல. காடு வேணாங்கிறா. நான் அவுகளுக்குப் பெறக்கலையான்னு கேட்டுக் கேட்டு அழுகுறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல அன்னம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழசை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளை ஏற்றினாள்.

"உயில் இருக்காண்ணே?"

"இல்ல."

"அப்ப புரோபேட்டு வாங்கணுமோ?"

"ஏ, போப்ள" என்றான். வெட்கத்தில் அவன் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள், அவனும் சிரித்தான்.

"பேரச் சொல்லுண்ணே."

மாமியார் பேரைச் சொன்னான். மூத்த மச்சினன் பேரையும் இளையவன் பேரையும் சொன்னான். அவள் அடித்துக்கொண்டே வந்தாள். நாலாவது பேருக்கு அவன் கொஞ்சம் நிறுத்தி, ஸ்டூலை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பேச்சி. மகள்னு போடு. அவளும் அந்த வீட்டுல பெறந்தவதேன அன்னம். விட்டுறாத."